கட்டுச்சோறு உள்ளே வராது: மனுவேல் அந்தோனியோவில் ஒரு பகல்

நம் ஆட்கள் வெளியூர் கிளம்பினால் பெட்டிக்கு முன்னால் தயாராவது புளியோதரைப் பொட்டலம். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையில் இருக்கும் மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவுக்குப் போகிற அன்று மட்டும் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட வேண்டும். வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். புளியோதரை, சப்பாத்தி, முறுக்கு, சிப்ஸ் எதுவும் உள்ளே போகாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கும் போகாது. திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம். பசித்தால் உள்ளே ஒரு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும். அதனால் காலையில் அறையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பொட்டலத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது.

இந்த விதியைக் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் பதினோரு மணிக்குக் கடற்கரையில் ஒரு வெண்முகக் குரங்கு வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றி. பூங்காவின் தரைப்பகுதி சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதிலும் பயணிகள் நடக்கும் பகுதி ஒரு மூலைதான். 1972-இல் இது தேசியப் பூங்கா ஆனதற்குக் காரணம் உள்ளூர்க்காரர்கள். கரையை ஒட்டிய நிலத்தை வாங்கியவர்கள் கடற்கரைக்குப் போகும் பாதையை மறிக்க, ஊர் கிளர்ந்து எழுந்து அரசிடம் கேட்டு வாங்கியது இது. சின்ன இடம், நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் பூங்காக்களில் ஒன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாளைத் திட்டமிட வேண்டும்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர், காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். வழியில் தார்கோலெஸ் ஆற்றுப் பாலத்தில் எல்லாரும் இறங்கி, கீழே மணல்திட்டில் கிடக்கும் முதலைகளை எட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள், காரைப் பூட்டிவிட்டு. பரிட்டா தாண்டியதும் சாலையின் இருபுறமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். முன்பு வாழைத் தோட்டங்களாக இருந்தவை. பனாமா வாடல் நோய் வாழையை அழித்த பிறகு இப்படி மாறின. கேப்போஸ் என்ற சிற்றூரில் இறங்கினால் பூங்கா வாசல் 7 கிலோமீட்டர். மலைச்சாலையில் அடிக்கடி பேருந்து போகும்.

சான் ஹோசேயிலிருந்து காலையில் கிளம்பி அன்றே திரும்புகிற திட்டத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பத்து மணிக்கு வந்து சேர்ந்தால், விலங்குகள் வெயிலுக்கு ஒதுங்கி, மனிதர்கள் நிறைந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக வந்திருப்பீர்கள். முந்தின இரவே கேப்போஸிலோ மலைச்சாலையிலோ தங்கிவிடுங்கள். விடியும் முன் ஐந்து மணிக்கே ஹௌலர் குரங்குகள் எழுப்பிவிடும். குகைக்குள் காற்று புகுந்தது போல ஓர் உறுமல். பெரிய மிருகம் ஏதோ வருகிறது என்று பயப்பட வேண்டாம். தொண்டையில் இருக்கும் நாவடி எலும்பு அந்தக் குரங்குக்குக் குடம் போல உப்பியிருக்கிறது, குரல் அதில் முழங்குகிறது, அவ்வளவுதான்.

பூங்கா காலை 7 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பழைய பயணக் குறிப்புகளில் திங்கள் என்று இருக்கும், நம்ப வேண்டாம். சீட்டு வாசலில் விற்பதில்லை. பூங்காக்களை நடத்தும் சினாக் என்ற அரசு அமைப்பின் இணையதளத்தில், பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து, நுழையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 16 டாலர், 13 சதவீத வரியோடு 18 டாலர் 8 சென்ட். விலை மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் ஏழு மணிச் சீட்டுகள்தான் முதலில் தீரும். சீட்டில் போட்ட எண் உள்ள பாஸ்போர்ட்டையே கையோடு கொண்டுபோக வேண்டும்.

வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே, சீருடை மாதிரியான சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவர் சாலை நடுவில் நின்று காரை மறித்து, "இங்கேதான் நிறுத்த வேண்டும், சீட்டும் இங்கேதான்" என்பார். பூங்காவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கையசைத்துவிட்டு நேரே போங்கள். பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வழிகாட்டி வேண்டுமா? முதல்முறை வருகிறவர்களுக்கு வேண்டும் என்றே சொல்வேன். அவருடைய பேச்சைவிட, அவர் தோளில் சுமந்து வரும் முக்காலித் தொலைநோக்கிக்குத்தான் காசு. இருபது மீட்டர் உயரத்தில் ஒரு பழுப்பு மூட்டையாகத் தெரிவது, அதன் வழியே பார்த்தால் இமைக்கும் கண்ணும் மயிரில் ஊரும் பூச்சியுமாகத் தெரியும். சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையைப் பார்த்து, முந்தின நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் போதும். தொலைநோக்கி வழியாகக் கைப்பேசியில் படம் எடுக்க ஒரு சின்ன வித்தை இருக்கிறது. கைப்பேசியின் முதன்மை லென்ஸை மட்டும் கண்வில்லையின் நடுவில் ஒட்டிவைத்து, விரல்களால் சுற்றி வெளிச்சத்தை மறையுங்கள். திரையில் கறுப்பு வட்டம் தெரியும். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வட்டம் ஓரத்துக்குப் போய்விடும். பிறகு திரையில் விலங்கின் முகத்தைத் தொட்டுக் குவியத்தை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். கூட்டத்தில் பலருக்குப் படம் கலங்குவதற்குக் காரணம், வேறு லென்ஸை ஒட்டிவைத்திருப்பதுதான்.

வாசலிலிருந்து கடற்கரைக்கு அகலமான ஒரு பாதையும், அதையொட்டி மரப்பலகை நடைபாதையும் போகின்றன. ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் மணலை மிதிக்கலாம். மிதிக்காதீர்கள். ஏழு முதல் ஒன்பதரை வரை இந்தப் பாதைக்கே கொடுத்துவிடுங்கள்.

எல்லாரும் தேடி வருவது, மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத்தை. (தமிழ்ச் செய்திகளில் இதைத் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு நம் ஊர்க் காட்டில் இரவில் அலையும் குட்டி விலங்கு, குரங்குக்கு உறவு. ஸ்லாத்துக்கு உறவு எறும்புதின்னி. கரடி என்பதும் தப்பு.) இதைத் தேடும்போது விலங்கைத் தேடினால் கண் பூத்துப்போகும், மரத்தைத் தேட வேண்டும். குவாருமோ என்று ஒரு மரம். வெளிறிய தண்டு, மூங்கிலைப் போல வளையம் வளையமாகத் தழும்பு, ஆமணக்கு இலையைக் குடை அளவுக்குப் பெரிதாக்கியது போன்ற இலை. கிளை குறைவு, அதனால் மேலே வானம் தெரியும். காட்டில் மரம் விழுந்து வெளிச்சம் இறங்குகிற இடத்தில் முதலில் முளைப்பது இதுதான். 1993-இல் கெர்ட் புயல் இந்தப் பூங்காவில் நிறைய மரங்களைச் சாய்த்தது. அப்படித் திறந்த இடங்கள்தான் குவாருமோவுக்குத் தோது. அதன் கிளைக்கவட்டில் ஒரு மூட்டை தெரிந்தால் நில்லுங்கள். கறையான் புற்றும் அப்படித்தான் தெரியும். ஐந்து நிமிடம் பார்த்தால் மூட்டையிலிருந்து ஒரு கை நீளும், புற்றிலிருந்து நீளாது.

இங்கே இரண்டு வகை ஸ்லாத் உண்டு. மூன்று விரல் ஸ்லாத்துக்குக் கண்ணோரம் கறுப்புப் பட்டை, வாயில் நிரந்தரமாக ஒரு சிரிப்பு. பகலிலும் நகரும். ஆணின் முதுகில் ஆரஞ்சு மஞ்சளாக ஒரு திட்டும் நடுவில் கறுப்புக் கோடும் இருக்கும், காயம் என்று பலர் பதறுவார்கள். இரண்டு விரல் ஸ்லாத்துக்குப் பன்றிமூக்கு, நிறம் வெளிர், பகல் முழுக்கத் தூக்கம். பெயரில் இருக்கும் கணக்கு முன்கைக்கு மட்டும்தான். பின்காலில் இரண்டுக்குமே மூன்று விரல். மழை பெய்து ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கிற நேரம் இவற்றைப் பார்க்க அருமையான நேரம். உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறன் இவற்றுக்குக் குறைவு, அதனால் வெயில் காய உச்சிக்கிளைக்கு ஏறும். ஈர மயிரில் பாசி படர்ந்து பச்சையாகத் தெரிவதையும் அப்போது பார்க்கலாம். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் கழிக்க இறங்கும். தரையில் இருக்கும் ஸ்லாத்தைப் பார்க்க நேர்ந்தால், சுற்றி நின்று வழியை அடைக்காமல் ஏழெட்டு மீட்டர் தள்ளியே இருங்கள். அது தன் வாழ்க்கையிலேயே ஆபத்தான பத்து நிமிடத்தில் இருக்கிறது.

கூட்டத்தின் கண் ஸ்லாத் மேல் இருக்க, பலர் தவறவிடுவது தித்தி என்கிற அணில் குரங்கு. என்னைக் கேட்டால் இந்தப் பூங்காவின் உண்மையான சொத்து அதுதான். ஒரு கிலோகூட எடையில்லை. ஆரஞ்சு முதுகு, கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கண்வளையம். மத்திய அமெரிக்காவின் இந்த இனம் உலகத்தில் கோஸ்டா ரிக்கா, பனாமா நாடுகளின் பசிபிக் கரையில் மட்டுமே இருக்கிறது. முப்பது நாற்பதாகக் கூட்டம் சேர்ந்து, பூச்சி தேடிக்கொண்டு கிளை கிளையாகத் தாவிப்போகும், ஓரிடத்தில் நிற்காது. இலை சலசலத்து, குருவி கத்துவது போலக் கீச்சுக்கீச்சென்று கேட்டால் அண்ணாந்து பாருங்கள். மலைச்சாலையில் வரும்போது மின்கம்பிக்கு மேலே நீலக்கயிறு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இவற்றுக்காக. காடு துண்டானபோது குரங்குகள் மின்கம்பியைப் பிடித்துச் சாலையைக் கடந்து, அடிபட்டுச் செத்தன. கயிற்றுப் பாலம் கட்டிய பிறகு அதில் நடந்து பழகிக்கொண்டன.

மற்றவை தாமாகவே எதிர்ப்படும். பாதையோரத்தில் முயலும் எலியும் கலந்தது போல ஓடுவது அகூட்டி. வாலைக் கொடிக்கம்பமாகத் தூக்கிக்கொண்டு வருவது பிசோத்தே. சதுப்பு ஓரத்தில் கறுப்பு முதுகும் ஆரஞ்சுக் காலும் ஊதாக் கொடுக்குமாக வளைக்குள் ஓடுவது ஹாலோவீன் நண்டு.

ஒன்பதரைக்குக் கடலுக்கு வந்துவிடலாம். இங்கே முக்கியமாக இரண்டு கடற்கரைகள், முதுகோடு முதுகு ஒட்டியவை. பூங்காவின் முனையில் நிற்கும் புன்ட்டா கத்தெத்ரால் என்ற குன்று ஒரு காலத்தில் தனித் தீவு. அலைகள் தீவைச் சுற்றி வளைந்து வந்து, அதன் மறைவில் வேகம் குறைந்து மணலைப் போட்டுப்போட்டு, தீவைக் கரையோடு ஒட்டிவிட்டன. அந்த மணல்பாலத்தின் ஒரு பக்கம் எஸ்படீயா சுர், நீளமானது, ஆள் குறைவு, அலை கொஞ்சம் அதிகம். மறுபக்கம் மனுவேல் அந்தோனியோ கடற்கரை, பிறை போல வளைந்தது. குன்று அலையைத் தடுப்பதால் நீர் குளம் போல இருக்கும். பிள்ளைகளோடு வந்தவர்கள் இரண்டாவதில் குளிக்கலாம்.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், தெரிந்து வருவது நல்லது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் 3 மீட்டர் அளவுக்கு வித்தியாசம். நீர் ஏறி நிற்கும்போது விரிப்புப் போட மணலே இருக்காது, கூட்டம் மர நிழலுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும். அதே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும். அடுத்தடுத்த நாட்களில் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். ஆக, கேப்போஸ் ஓத அட்டவணை கையில் இல்லாவிட்டாலும், சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரே தோராயமாகச் சொல்லிவிடும்.

வற்றத்தில் வந்தவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. மனுவேல் அந்தோனியோ கடற்கரையின் மேற்குக் கோடியில், குன்றின் அடிவாரத்தில், பாசி பிடித்த கற்கள் அரைவட்டமாக அடுக்கியிருப்பது தெரியும். ஐரோப்பியர் வருமுன் இங்கே வாழ்ந்த மக்கள் கட்டிய ஆமைப்பொறி. கடல் ஏறும்போது சுவர் மூழ்கிவிடும். கரைக்கு வரும் ஆமை அதன் மேலாகவே நீந்தி உள்ளே வந்துவிடும். கடல் வற்றும்போது சுவர் தலைதூக்கும், ஆமை உள்ளே மாட்டிக்கொள்ளும். வலை இல்லை, தூண்டில் இல்லை, நிலவு வேலை செய்கிறது. நம் பெருங்கூட்டம் இதைப் பாறை என்று நினைத்து அதன் மேலேயே உட்கார்ந்து படமெடுத்துக்கொள்கிறது. கற்களை நகர்த்தாதீர்கள்.

இப்போது நிழல் விஷயம். கரையோரத்தில் பளபளக்கும் இலையோடு, அகலக் குடையாக, ஆளே உட்காராத ஒரு மரம் இருந்தால் சந்தேகப்படுங்கள். மன்சனீயோ என்ற விஷ மரம் அது. கீழே சின்ன ஆப்பிள் மாதிரி, பச்சையும் மஞ்சளுமாக, இனிப்பு வாசனையோடு பழம் கிடக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். கிளையை ஒடித்தால் வரும் வெள்ளைப் பால் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும். அந்தப் பால் தண்ணீரில் கரையும், அதனால் மழைக்கு இதன் அடியில் ஒதுங்குவதுதான் மிகப்பெரிய தவறு. இலையிலிருந்து சொட்டுகிற நீரே சுடும். பிச்சாவரம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரமும் இதே ஆமணக்குக் குடும்பம்தான், அதன் பாலும் கண்ணைக் கெடுக்கும். பூங்காவில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், ஆனால் பலகைக்கு முதுகைக் காட்டி விரிப்புப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பால் பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கண் என்றால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பழத்தை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவமனைதான். வேடிக்கை என்னவென்றால், கறுப்பு இகுவானா இந்தப் பழத்தைத் தின்றுவிட்டு அதே மரத்தில் வெயில் காயும்.

பதினோரு மணிக்கு வருகிறார் வெண்முகக் குரங்கார். கப்புச்சின் இனம், மூன்று நான்கு கிலோ எடை, மூளை உடம்புக்கு மிஞ்சியது. கடற்கரையில் அதன் வேலை ஒழுங்கு இப்படி: முதலில் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து எந்தப் பைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்க்கும். பிறகு கிளையிலிருந்து வாலால் தொங்கி, ஜிப்பின் தலைப்பை விரலால் பிடித்து இழுக்கும். உள்ளே கைவிட்டு நெகிழிக் கவர் சலசலக்கிறதா என்று தேடும். வாசலில் தப்பிவந்த ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தாலே போதும், மொத்தப் பையும் மரத்துக்குப் போய்விடும், அதோடு பாஸ்போர்ட்டும். உணவு இல்லாவிட்டால் பழ வாசனையுள்ள சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, பற்பசை. குரங்கு விட்டதை ரக்கூன் எடுத்துக்கொள்ளும். மற்ற ஊர்களில் இரவில் அலையும் இந்த மிருகம் இங்கே பட்டப்பகலில் ஷிப்ட் பார்க்கிறது.

இந்தக் குரங்கு பாவம், பசித்த பிராணி என்று நினைத்துத்தான் பலர் கொடுக்கிறார்கள். காட்டில் அது பூச்சி, பழம், பறவை முட்டை, சமயத்தில் பிசோத்தேயின் கூட்டுக்குள் புகுந்து அதன் குட்டி வரை தின்று வாழத் தெரிந்த வேட்டைக்காரன். கைநீட்டிக் கொடுத்த உருளைக்கிழங்கு வறுவல் அதன் பல்லைக் கெடுக்கும், நம் கைக்கிருமி அதன் கூட்டத்துக்குப் போகும். கொடுக்காத ஆளைக் கடிக்கவும் அது கற்றுக்கொள்ளும். கடிபடப்போவது நாளைக்கு வரும் குழந்தை. வாசலில் புளியோதரையை நிறுத்தியதற்கு அதுதான் காரணம். பையை மரத்தில் மாட்டாமல், ஜிப்பை மூடி, குடும்பத்தில் ஒருவர் அதன் மேல் கைவைத்து உட்காருங்கள். பறித்துவிட்டால் துரத்தவோ பிடுங்கவோ வேண்டாம். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அதன் மொழியில் அது சண்டைக்கு அழைப்பு. கடியோ கீறலோ பட்டால் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெயில் உச்சிக்கு வரும்போது சிலர் புன்ட்டா கத்தெத்ரால் சுற்றுப்பாதைக்குக் கிளம்புவார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றமும் படிகளும் உண்டு, முக்கால் மணி நேரம். காற்றில் ஈரம் அதிகம், சென்னை மே மாதத்தைத் தாங்குகிறவரையும் உட்கார வைக்கும். ஒன்பதரைக்குக் கடலுக்கு வந்ததுமே ஏறிவிட்டுக் குளிக்க வருவதுதான் சரியான வரிசை. தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கணக்கு வையுங்கள்.

மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். ஆண்டு மழை சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். ஆனால் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். காலைச் சீட்டு எடுத்தவர்களுக்கு மழைக்காலமும் நல்ல காலமே, கூட்டமும் குறைவு.

நாலு மணிக்குக் காவலர்கள் கடற்கரையைக் காலி செய்துவிடுவார்கள். சூரியன் ஏறக்குறைய ஐந்தேகாலுக்கும் ஆறுக்கும் இடையில்தான் மறையும், அதனால் பூங்காவுக்குள் அஸ்தமனம் கிடையாது. வாசலுக்கு வெளியே இருக்கும் எஸ்படீயா கடற்கரையில் கிடைக்கும். அதற்குச் சீட்டும் இல்லை. ஏற்ற ஓதக்கோட்டிலிருந்து 50 மீட்டர் எல்லாருக்கும் பொது என்று 1977 சட்டம் சொல்கிறது. ஆனால் உள்ளே குளம் போன்ற நீரில் குளித்த தைரியத்தில் இங்கே இறங்காதீர்கள். திறந்த கடல், உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல், கலங்கலாக ஒரு சந்து அமைதியாகத் தெரிந்தால் அதுதான் அந்த இழுப்பு. நீந்தத் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், மிதந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேற வேண்டும்.

இருட்டியதும் கேப்போஸ் பேருந்து கடற்கரைச் சாலையிலேயே நிற்கும். அறைக்குப் போனதும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், காலையில் பால்கனிக் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் கிளம்பினீர்கள் என்றால்.